பேத்தியின் புத்தகப்பைக்கு நான் தைத்த இடுப்புப் பட்டையும் அதைப் பார்த்துச் சிரித்தவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் மறுபடி வகுப்பெடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று நினைத்தாலும் பரவாயில்லை, கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் புத்தகப்பைக்கு இடுப்புப் பட்டை ஒன்று தைத்து, அதைப் படமெடுத்து நம் குடும்பக் குழுவில் போட்டேன். பஞ்சு வைத்த பட்டை, முன்னால் கொக்கி. அவ்வளவுதான். அண்ணன் மகன் கேட்டான்: "அத்தை, பாப்பா என்ன எவரெஸ்ட்டா ஏறப்போகுது?" இன்னொருத்தி, கோயில் யானைக்குக் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். என் சொந்தத் தம்பி, "நாமெல்லாம் சுமக்காத மூட்டையா அக்கா?" என்று எழுதினான். அவனுக்குத்தான் முதல் பதில்.

தம்பி, நீ சுமக்கவில்லை. அம்மா சுமந்தாள். அறுப்பு நாளில் வயலிலிருந்து களத்துக்கு நெற்கட்டு தூக்கும்போது அவள் தலையில் என்ன இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சும்மாடு. பழைய புடவையை முறுக்கி வட்டமாகச் சுற்றி, உச்சியில் வைத்து, ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கட்டை ஏற்றச் சொல்வாள். கட்டின் எடை சும்மாட்டால் ஒரு பிடிகூடக் குறையாது. ஆனால் அது பரவி உட்காரும், ஆடாது, நேராக முதுகெலும்பு வழியாகக் கீழே இறங்கும். எத்தனை கொடுமைக்கார மிராசுதாராக இருந்தாலும் "சும்மாடு எதற்கு, சும்மா தூக்கு" என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. படித்த குடும்பம் நாம் சொல்கிறோம்.

சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது நம் பக்கத்து வழக்கம். வழிப்போக்கன் யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை அதில் நகர்த்திவைத்து, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அடுத்தவன் சுமையைப் பற்றி யோசித்த ஊர் இது. இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளையின் முதுகைப் பற்றி யோசித்தால் யானைக் கேலி.

இனி அந்தப் பட்டை எனக்கு எப்படித் தோன்றியது என்று சொல்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் இமயமலைப் பக்கம் நடைப்பயணம் போய்விட்டு வரும் வழியில் தன் பெரிய பையை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். சும்மா இருக்க முடியாமல் அதில் பத்து கிலோ பொன்னி அரிசியைப் போட்டு மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தேன். எனக்கு அறுபத்தாறு வயது. கால் மணி நேரத்தில் தோள் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது. பிறகுதான் தொங்கிக்கொண்டிருந்த இடுப்புப் பட்டையைக் கவனித்தேன். அதை இறுக்கிப் பூட்டி, தோள்வாரைக் கொஞ்சம் தளர்த்தினேன். அதே அரிசி, அதே கிழவி. தோளுக்கும் வாருக்கும் நடுவே விரல் நுழைந்தது. எடை இடுப்பெலும்பில் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு அரை மணி நேரம் நடந்தேன். துணி காயப்போட வந்த எதிர்வீட்டு அம்மா என்ன நினைத்தார்களோ தெரியாது.

இதில் மந்திரம் இல்லை. உடம்பிலேயே உறுதியான எலும்புகள் இடுப்பிலும் தொடையிலும்தான் இருக்கின்றன. தோளில் இருப்பது ஒல்லியான காறையெலும்பும், கழுத்திலிருந்து வரும் தசையும் நரம்பும். தோளில் தொங்கும் எடை பின்னால் இழுக்கும்; அதைச் சமாளிக்கப் பிள்ளை முன்னால் குனியும், கழுத்தை நீட்டும். நம் தெருவில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள், எல்லாப் பிள்ளையும் ஆமை மாதிரிதான் போகிறது. காவடி தோளில்தானே எடுக்கிறோம் என்று கேட்பீர்கள். காவடிக்கு எடை இரண்டு பக்கமும் சமம், எடுப்பவர் தோள் மாற்றிக்கொள்வார், வருஷத்துக்கு ஒருநாள். புத்தகப்பை அப்படியா?

1952-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில், டிக் கெல்டி என்பவர் மலையேறுகிறவர்களுக்காக அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்க ஆரம்பித்தார். பையைத் தைத்தது அவர் மனைவி நீனா, வீட்டில் உட்கார்ந்து. எடையை இடுப்புக்கு இறக்க வேண்டும் என்ற யோசனை மலைப்பைகளில் பரவியது அவர்கள் காலத்தில்தான். மலை ஏறும் பெரியவர்களுக்கு எழுபது வருஷமாகக் கிடைக்கும் வசதி, தினமும் சுமக்கும் சின்னப் பிள்ளைக்கு ஏன் இல்லை? கடைக்காரரைக் கேட்டால் தோள்வாரில் உள்ள பஞ்சைக் கிள்ளிக் காட்டுகிறார். தோளில் பஞ்சு வைப்பது, வலிக்கிற இடத்திலேயே எடையை வைத்துவிட்டு மெத்தை போடுவது. சில பைகளில் விரல் அகல நாடா ஒன்று இடுப்பில் தொங்கும். அது பை ஆடாமல் இருக்க மட்டும்தான், எடை தாங்காது.

நான் தைத்ததைச் சொல்லிவிடுகிறேன், செய்கிறவர்கள் செய்யட்டும். பட்டை நான்கு விரல் அகலம். தலையணைப் பஞ்சு ஒரு வாரத்தில் அமுங்கிப்போகும்; பழைய யோகா பாயை இரண்டு மடிப்பாக வைத்து, கிழிந்த ஜீன்ஸ் துணியால் உறை போட்டேன். கொக்கியும் நாடாவும் கீழவாசலில் வாங்கினேன். பையின் முதுகுப்பக்கம் தொளதொளவென்று இருந்தால் பட்டை கட்டியும் பயனில்லை, எடை இடுப்புக்கு வந்து சேராது. அதனால் பரீட்சை அட்டை ஒன்றை அளவாக வெட்டி உள்ளே செருகினேன். (என் வீட்டில் பரீட்சை அட்டைக்குப் பஞ்சமா?) என் தையல் மெஷினில் இரண்டு ஊசி உடைந்தது, கடைசித் தையலைச் செருப்பு தைக்கும் அண்ணன்தான் குத்தூசியால் போட்டுக் கொடுத்தார். பட்டை வயிற்றில் உட்காரக் கூடாது. கையை இடுப்பில் ஊன்றும்போது தட்டுப்படும் எலும்பின் மேல் உட்கார வேண்டும். பேத்தியின் பழைய பை குட்டை. பட்டை வயிற்றில் வந்து அழுத்தியது. முதல் முயற்சி வீண். முதுகு நீளத்துக்குச் சரியான வேறு பை வாங்கித்தான் மறுபடி தைத்தேன்.

சிரித்தவர்களை விடுங்கள். இப்போது ஆசிரியையாக இருக்கும் என் மாணவி ஒருத்தி தனியாக எழுதியிருந்தாள்: "எடையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காமல் பெல்ட் தைத்துக் கொடுத்தால், இன்னும் ரெண்டு நோட்டு கூட வைப்பாங்க டீச்சர்." இதுதான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், அம்மா. ஆர்.கே.நாராயண் 1989-ல் மாநிலங்களவையில் எழுந்து பேசியதே புத்தகமூட்டையைப் பற்றித்தான். 1993-ல் யஷ்பால் குழு அறிக்கை கொடுத்தது. நம் மாநிலத்தில் 2012-13-ல் முப்பருவ முறை வந்து எட்டாம் வகுப்புவரை புத்தகம் மெலிந்தது. அது நல்ல வேலை, நான் கண்ணால் பார்த்தேன். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன், பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றார். அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசின் சுற்றறிக்கை, ஆறு ஏழாம் வகுப்புக்கு 4 கிலோ என்று எழுதியது. 2020-ல் புத்தகப்பைக் கொள்கை என்றே ஒன்று வந்தது. என் பேத்தி 32 கிலோ. அவள் பையைத் திங்கட்கிழமை நிறுத்தேன், தண்ணீர் பாட்டிலோடு 6 கிலோ 800 கிராம். பள்ளியின் பெயர் வேண்டாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. பதில் வரும்வரை அவள் முதுகு காத்திருக்குமா? எடையைக் குறைக்கச் சொல்லி மனுவும் கொடுப்பேன், பட்டையும் தைப்பேன்.

இதில் எனக்கே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். வாய்க்கால் கரையோடு நடந்து வருவான். துணிப்பையின் காது அறுந்து, வாழைநாரால் முடிந்திருப்பான். எல்லா நோட்டும் தினமும் வர வேண்டும் என்பது என் சட்டம். யார் போட்டதும் இல்லை, நானே போட்டது. அன்றைக்குத் தாமதமாக வந்ததற்குப் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தேன். நார் அறுந்து நோட்டெல்லாம் சேற்றில் விழுந்து, பொறுக்கிக்கொண்டு வந்ததால் தாமதம் என்று மத்தியானம்தான் தெரிந்தது. அப்போதும் நான் சட்டத்தை மாற்றவில்லை. அடுத்த நாளும் எல்லா நோட்டையும் கொண்டுவந்தான். தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், போன பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தாய். தப்பு என்னுடையது.

கேலி செய்த மற்றவர்களுக்கு ஒன்று. வரும் ஞாயிறு என் வீட்டுக்கு வாருங்கள். பேத்தியின் பையில் அவள் எடைக்கு அவள் சுமக்கும் விகிதத்தை உங்கள் எடைக்குப் போட்டுத் தருகிறேன். எழுபத்தைந்து கிலோ ஆளுக்குப் பதினாறு கிலோ வரும். பட்டை இல்லாமல் பெரிய கோயில்வரை நடந்துவிட்டு வந்து பேசுங்கள். காபி போட்டு வைக்கிறேன். அரிசி என்னுடையது, திரும்பக் கொடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்