பிழை கையிலா, அலுமாரியிலா?

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிய ஒரு தலைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. "மாறி ஏற்றிய ஊசி: நோயாளி பலி, தாதி இடைநிறுத்தம்" என்பது அது. மறுநாள், தாதியர் கல்லூரியில் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, அந்த இரண்டு குப்பிகளும் எந்தத் தட்டில், எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்று கேட்டீரா? அன்றிரவு அந்த விடுதியில் எத்தனை நோயாளிகள், எத்தனை தாதியர் என்று கேட்டீரா?" நான் கேட்டிருக்கவில்லை. கேட்கவேண்டும் என்ற அறிவும் அன்று எனக்கு இருக்கவில்லை.

ஆண்டுகள் பல சென்றும் எங்கள் பத்திரிகைகளின் பழக்கம் மாறவில்லை. மருந்து மாறினால் தாதியின் "கவனயீனம்". அத்துடன் கதை முடிந்தது. நிர்வாகங்களுக்கும் இதைவிட வசதியான முடிவு வேறில்லை.

தாதிய மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஐந்து சரிகளைக் கற்பிக்கிறார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இவற்றில் குறைகாண்பது என் நோக்கமன்று. ஆனால், இவை சென்றடைய வேண்டிய இடத்தைச் சொல்கின்றனவே தவிர, போகும் பாதையைச் சொல்வதில்லை. பாதையில் பள்ளம் தோண்டி வைத்துவிட்டு, விழுந்தவரைப் பார்த்து நடக்கவில்லையென்று ஏசுவது நீதியாகுமா?

உலகறிந்த உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். 2017 டிசம்பரில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து வண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், ரடோண்டா வோட் என்ற தாதி, ஸ்கேன் பரிசோதனைக்கு முன் நோயாளியின் பதற்றத்தைத் தணிக்க 'வேர்செட்' என்ற மருந்தைக் கணினி அலுமாரியில் தேடினார். அங்கு அது மிடாசோலம் என்ற பொதுப்பெயரில் பதியப்பட்டிருந்தது. கிடைக்காதபோது, தடையைத் தாண்டித் திறக்கும் வசதியைப் பயன்படுத்தி வணிகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். கைக்கு வந்தது வெக்குரோனியம். தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும் மருந்து. நோயாளி இறந்தார்.

குப்பியின் மூடியில் இருந்த எச்சரிக்கையை அவர் கவனிக்கவில்லை. திரவமாக இருக்கவேண்டியது தூளாக இருந்தும் சந்தேகிக்கவில்லை. அவருடைய பிழை பெரியது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால், தவறை அவரே ஒப்புக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. இரண்டு எழுத்துகளுக்குள் உயிர்குடிக்கும் மருந்தை நீட்டிய ஏற்பாடு குற்றவாளிக் கூண்டில் ஏறவேயில்லை. இனிமேல் பிழைவிடும் தாதி அதை வெளியே சொல்வாரா?

செறிந்த பொட்டாசியம் குளோரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐதாக்கி மெதுவாக ஏற்றவேண்டிய அதனை நேரடியாக நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். வேறு குப்பியென எண்ணி அதனை ஏற்றிய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன. அமெரிக்காவில் வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு 1998இல் சொன்ன தீர்வு எளியது: அதனை விடுதிகளிலிருந்து அகற்றுங்கள். இல்லாத குப்பியை எவரும் மாறி எடுக்க முடியாது.

அப்படியாயின் தாதியருக்கு மருந்தியல் வேண்டாமா? கட்டாயம் வேண்டும், மனனம் செய்யும் பட்டியலாக அன்று. இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் கிறுக்கும் ஆங்கில 'யூ' எழுத்து பூச்சியமாகத் தோன்றினால் 10 அலகு 100 ஆகிவிடும். 1.0 என்பதில் புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். இதையறிந்த மாணவி, "சேர், அலகு என்று முழுமையாக எழுதித் தாருங்கள்" என்று கேட்பாள். அப்படிக் கேட்டதற்காக அவள் ஏச்சு வாங்கினால், கல்லூரியில் படித்த மருந்தியல் அன்றே செத்துவிடும்.

பொதுப்பெயரால் மருந்தை எழுதும் வழக்கத்துக்காக இந்நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. மருந்தின் விலையைக் குறைத்தவர் என்றே அவரை நினைவுகூர்கிறோம். எழுதுபவர் ஒரு பெயரையும் அலுமாரி இன்னொரு பெயரையும் சொல்லும்போது என்ன நடக்கும் என்பதை டென்னசியில் கண்டபின், அவர் காட்டியது உயிர்காக்கும் வழியுமென்று நான் சொல்வேன்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார். அந்த நான்காமவரை, பிழை நேரும்போது மட்டும் நாம் தனியே பிரித்து நிறுத்துகிறோம்.

இளம் நிருபர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் முதற் கேள்வி "யார் ஏற்றியது?" என்பதாக இருக்கவேண்டாம், "அந்தக் குப்பி ஏன் அங்கே இருந்தது?" என்பதாக இருக்கட்டும்.

அன்று இடைநிறுத்தப்பட்ட அந்தத் தாதிக்குப் பின்னர் என்ன நடந்தது என்று நான் தேடவில்லை, எழுதவுமில்லை. அதுவும் கவனயீனந்தான். அதற்காக என்னை எவரும் இடைநிறுத்தவில்லை.