கருமுட்டையைக் காக்கும் கோட்டைச் சுவர்

குதிரைக்கும் யானைக்கும் போடும் ஊசி, பெண்களுக்கு ஏன் வரவில்லை?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அசட்டீக் என்ற தீவு இருக்கிறது. அங்கே காட்டுக் குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. 1994-ல் அங்கிருந்த பெண் குதிரைகளைக் குறி வைத்துத் துப்பாக்கிகள் நீண்டன. ஆனால் பாய்ந்தது குண்டு அல்ல. மருந்து நிரப்பிய ஊசி! குதிரைக் கூட்டம் பெருகுவது நின்றது; நாளடைவில் குறையவும் தொடங்கியது.

அந்த மருந்து தாக்கியது எதை? கருமுட்டையின் மேலுறையை!

சுவரின் வேலை

மனிதக் கருமுட்டையின் குறுக்களவு ஒரு மில்லி மீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதைச் சுற்றி, கண்ணாடி போன்ற ஓர் உறை இருக்கிறது. நான்கு வகைப் புரதங்களால் பின்னப்பட்ட உறை அது. ‘ஸோனா பெலூசிடா’ என்று அதற்கு லத்தீன் மொழியில் பெயர். ‘ஒளி புகும் கச்சை’ என்று பொருள்.

ஆணின் விந்தணு இந்த உறையில் ஒட்டித் துளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்று நுழைந்ததும், முட்டையிலிருந்து ஒரு நொதி வெளிப்பட்டு உறையின் தன்மையை மாற்றிவிடுகிறது. பிறகு மற்ற விந்தணுக்களுக்குக் கதவடைப்புதான்! இரண்டு நுழைந்தால் கரு உருப்படாது.

கரு உண்டான பிறகும் உறையின் வேலை முடிவதில்லை. பிளந்து பெருகும் அணுக்கள் சிதறாமலும், வழியில் கருக்குழாயில் ஒட்டிக்கொள்ளாமலும் அது காக்கிறது. சுமார் ஆறாம் நாள், கருப்பையில், குஞ்சு முட்டையை உடைப்பது போலக் கரு உறையை விட்டு வெளிவருகிறது.

உறை இல்லாவிட்டால்? ஒரே குடும்பத்தில் பிள்ளைப் பேறு இல்லாத சில பெண்களைச் சீன மருத்துவர்கள் ஆராய்ந்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அப்பெண்களின் முட்டைகளில் உறையே இல்லை! புரதம் ஒன்றை உண்டாக்கும் மரபணுவில் கோளாறு.

பன்றியிடமிருந்து மருந்து

இறைச்சிக் கூடங்களில் கிடைக்கும் பன்றியின் சூலகத்திலிருந்து இந்த உறைப் புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அதைக் குதிரைக்கு ஊசியாகப் போட்டால், குதிரையின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்புப் பொருள் குதிரையின் சொந்த முட்டை உறையிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. விந்தணுவுக்கு இடமில்லை!

தென் ஆப்பிரிக்காவின் க்ரூகர் வனத்தில் 1967 முதல் 1994 வரை யானைகளைச் சுட்டுக் கொன்றே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினார்கள். 1996-ல் அங்கே இந்த ஊசி சோதிக்கப்பட்டது. கொல்லாமலே கட்டுப்படுத்த ஒரு வழி கிடைத்தது.

பெண்களுக்கு ஏன் இல்லை?

இதே முறையில் பெண்களுக்கும் கருத்தடை ஊசி தயாரிக்கலாம் என்று 1970-களிலிருந்தே விஞ்ஞானிகள் முயன்றார்கள். ஆசைக்குக் காரணம் உண்டு. இந்தியாவையே பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சையை நம்புகிறார்கள். கணவனுக்குச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சையை நம்புவோர் 100-க்கு ஒருவர்கூட இல்லை. கத்தி படாமல், வேண்டும்போது விலக்கிக்கொள்ளும் முறை வந்தால் எத்தனை பெண்களுக்கு ஆறுதல்!

ஆனால் முயல், நாய், குரங்கு ஆகியவற்றில் நடந்த சோதனைகள் எச்சரித்தன. எதிர்ப்புப் பொருள் உறையோடு நிற்கவில்லை. சில பிராணிகளில் சூலகமே சேதமடைந்தது, முட்டைகள் அழிந்தன. பெண் தன் ஆயுளுக்குரிய முட்டைகளைப் பிறக்கும்போதே பெற்றுவிடுகிறாள். அழிந்தால் புதிதாக ஊறுவதில்லை.

மேலும், எதிர்ப்புப் பொருள் ஒவ்வோர் உடலிலும் ஒவ்வோர் அளவில் உண்டாகிறது. எவ்வளவு காலம் நிற்கும் என்று உறுதி கூற முடியாது. நூறு குதிரைகளில் பத்து குட்டி போட்டாலும் வனக் காவலருக்குத் திட்டம் வெற்றிதான். சில குதிரைகள் மலடாகவே நின்றுவிட்டாலும் நஷ்டமில்லை. அவருக்கு வேண்டியது மந்தையின் கணக்கு.

பெண் மந்தையின் கணக்கு அல்ல. “இன்று வேண்டாம், இரண்டு வருஷம் கழித்து வேண்டும்” என்று சொல்பவள் அவள். அந்த இரண்டாம் பாதிக்கு உத்தரவாதம் தராத மருந்து, அவளுக்குக் கருத்தடை ஆகாது, மலட்டுத்தனம்தான் ஆகும்.

சுவரை மட்டும் மூடி, உள்ளே இருக்கும் செல்வத்தைத் தொடாத மருந்து கிடைக்கும் வரை, இந்த ஊசி காட்டிலேயே இருக்கட்டும்.