வளரும் குதிரைக்கு வளரும் சேணம்: தஞ்சோங் டாவாய் கோரிக்கைச் சாசனம்

தஞ்சோங் டாவாயிலும் செமிலிங், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களிலும் குதிரை வைத்திருப்போர், குதிரை பார்க்கும் சைஸ்மார்கள், பிள்ளைகளைக் குதிரையேற்றம் பழக அனுப்பும் பெற்றோர் ஆகிய நாங்கள் இந்தச் சாசனத்தை வைக்கிறோம். குதிரை உரிமையாளர்கள், பயிற்சி லாயங்கள், சேணம் விற்போர், கால்நடை மருத்துவச் சேவை இலாகா ஆகியோரிடம் கேட்கிறோம்.

வளர்ந்து முடியாத குதிரைக்கு ஒரே சேணம் என்று ஒன்று கிடையாது. முதுகு மாற மாறச் சேணமும் மாற வேண்டும். மாறிவிட்டது என்று முதலில் சொல்லக்கூடியவர் தினமும் அந்த முதுகைத் தேய்த்துவிடுகிற சைஸ். அவர் சொன்னால் கேட்க வேண்டும். கீழே உள்ள எல்லாக் கோரிக்கைகளும் இதிலிருந்து பிறந்தவை.

இப்போது ஏன் கேட்கிறோம்? 1864-இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தயக் கழகத்தைக் கலைத்துவிட 2024-இல் உறுப்பினர்கள் முடிவெடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. ஓடுகளத்தை விட்டு எங்கள் லாயங்களுக்கு வரும் குதிரை பல நேரம் வளர்ந்து முடியாத இளங்குதிரை. அதுவரை அதன் முதுகில் ஏறியது கைக்குள் அடங்குகிற சின்னப் பந்தயச் சேணம். இங்கே வந்ததும் ஏழெட்டுக் கிலோ சேணம், அதற்கு மேல் ஓர் ஆள். ஓட்டத்துக்கு ஏறியிருந்த சதை சில மாதங்களில் வடிந்துவிடும். புதுப் பழக்கத்துக்கு ஏற்ற சதை வேறு இடத்தில் ஏறும். வந்த நாளில் பார்த்த முதுகை ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

எலும்பும் அப்படித்தான். குளம்பை ஒட்டிய எலும்புகள் ஒரு வயதுக்குள் முற்றிவிடும். முன்முழங்காலுக்கு மேலே இரண்டு, இரண்டரை வயதாகும். எல்லாவற்றுக்கும் கடைசியில் முற்றுவது முதுகெலும்பு. ஐந்தரை வயதுக்கு முன் அது பொதுவாக நடப்பதில்லை. உயரமான ஆண் குதிரைக்கு இன்னும் தள்ளிப்போகும். நாம் உட்காருவதோ அதன் மேல். வளர்ச்சியும் சீராக வராது. ஒரு மாதம் பின்பக்கம் தூக்கி நிற்கும், சேணம் முன்னால் சரிந்து தோளில் ஏறும். அடுத்த இரண்டு மாதத்தில் தோள்மேடு எழும்பும், அதே சேணம் பின்னால் சாயும்.

இந்தச் சாசனத்தை எழுதும் என் லாயத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓடுகளத்திலிருந்து வந்த நான்கு வயதுப் பெட்டைக்குத் தீபாவளி மலிவு விற்பனையில் தோல் சேணம் ஒன்று வாங்கினேன். போட்ட அன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. இரண்டாம் மாதம் எங்கள் சைஸ், அறுபதைத் தாண்டியவர், வந்து நின்றார். "ஐயா, சேணம் தோளைக் கடிக்குது. கைய வெச்சுப் பாருங்க." நான் கை வைக்கவில்லை. "வாங்கி ரெண்டு மாசந்தானே ஆகுது அண்ணே" என்றேன். நான்காம் மாதம் வயிற்றுவாரை எடுத்தாலே அவள் காதை மடக்கிப் பல்லைக் காட்டினாள். தோளுக்குப் பின்னே இரு பக்கமும் உள்ளங்கை அளவு குழி. சதை வற்றியிருந்தது. பிறகு அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது. செம்பழுப்பு உடம்பில் இரண்டு வெள்ளைத் திட்டுகள். குழி எட்டு மாதத்தில் நிரம்பிவிட்டது. வெள்ளை மயிர் இன்றும் இருக்கிறது.

ஆகவே முதல் கோரிக்கை: ஆறு வயது நிறையாத ஒவ்வொரு குதிரைக்கும், ஓடுகளத்தை விட்டு வந்து ஓராண்டு ஆகாத எந்த வயதுக் குதிரைக்கும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை முதுகைக் கம்பி வைத்து வரைய வேண்டும். மலாயில் டாவாய் என்றால் கம்பி. ஊர்ப் பெயரிலேயே கருவியை வைத்துக்கொண்டு நாம் வெறும் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறோம். குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள், தலை குனியாமலும் தூக்காமலும். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிப் பிடித்து, அதற்கு மூன்று விரல் பின்னால், வளைந்தால் வளைந்தபடி நிற்கிற கம்பியை முதுகின் குறுக்கே போட்டு இரண்டு கையாலும் அழுத்துங்கள். அப்படியே அலுங்காமல் தூக்கி மணிலா அட்டையில் வைத்து உள்பக்கமாகப் பென்சில் ஓட்டுங்கள். முதுகு பள்ளமாகிற இடத்தில் இரண்டாவது கோடு. கடைசி விலா முடியும் இடத்தில் மூன்றாவது. தேதியை எழுதுங்கள். அடுத்த முறை அதே அட்டையில், அதே இடத்தில், வேறு நிறத்தில். நீலக் கோடும் சிவப்புக் கோடும் ஒரு விரல் அகலம் பிரிந்து நிற்பதைப் பார்த்த பிறகும் பழைய சேணத்தைத் தூக்கிப் போடுகிற மனம் யாருக்கும் வராது. இங்கிலாந்தில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளின் முதுகை ஓராண்டு முழுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து ஆய்வு செய்திருக்கிறார்கள். வளர்ந்த குதிரைகளுக்கே முதுகு மாறியது.

இரண்டாவது கோரிக்கை வாங்குவது பற்றியது. பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கும்போது ஓர் அளவு பெரிதாகப் பார்த்து வாங்குவோம், அடுத்த வருசமும் ஆகட்டுமே என்று. சேணத்தில் அது நடக்காது. அகலம் கூடிய சேணம் கீழே இறங்கி முதுகெலும்பின் மேலேயே உட்காரும். இறுக்கமான சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தை போடுவதும் தீர்வில்லை. இறுக்கிய சட்டைக்குள் இன்னொரு சட்டை போட்டதுபோலத்தான். வளரும் குதிரைக்கு, முன்வளைவு இரும்பைக் கழற்றி அகலம் மாற்றக்கூடிய சேணமும், அடிமெத்தையில் கம்பளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சேணமும்தான் வேண்டும். மறு அளவு எடுக்கிற செலவையும் கம்பளி மாற்றுகிற செலவையும் குதிரை வாங்கும் அன்றே கணக்கில் சேருங்கள். நல்ல தோல் சேணம் மேல் ஆசையா? ஆறு வயது முடியட்டும். அதுவரை இந்த ஈரக் காற்றில் அதைப் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதே பெரிய பாடு.

விற்போரிடம் கேட்பது: சேணச் சட்டத்தின் அகலம், இருக்கையின் நீளம், மாற்று இரும்பு கிடைக்குமா கிடைக்காதா, இவற்றைச் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். குதிரை மேல் வைத்துப் பார்க்க ஒரு வாரமாவது கொடுங்கள்.

சேணத்தை வைத்துப் பார்க்கிற முறையும் எல்லா லாயத்திலும் ஒன்றாக இருக்கட்டும். மெத்தையும் வாரும் இல்லாமல் வெறும் சேணத்தைத் தோள்மேல் வைத்துப் பின்னால் தள்ளினால் அது தானாக ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் அதன் இடம். உள்ளங்கையைச் சேணத்தின் முன்பக்க அடிமெத்தைக்குக் கீழே விட்டு, குதிரையை நாலு அடி நடத்தச் சொல்லுங்கள். கை நசுங்கினால் தோளும் நசுங்கும். ஆள் ஏறிய பிறகும் தோள்மேட்டுக்கு மேல் இரண்டு விரல் நுழைய வேண்டும். குதிரைக்கு விலா பக்கத்துக்குப் பதினெட்டு. கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் நீளக் கூடாது. இறக்கியதும் வியர்வையைப் படியுங்கள். குளிர்நாட்டில் அதற்கு அரை மணி ஓட்ட வேண்டும். நம் வெயிலில் பத்தே நிமிடம். முழு முதுகும் ஈரமாக இருக்க ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால், அங்கே சேணம் அமுக்குகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, பொருந்தாத சேணம் அன்றைக்கே இறங்க வேண்டும். வேறு சேணம் வரும்வரை குதிரையின் முதுகு காலியாக இருக்கட்டும். கயிறு பிடித்து நடத்தலாம், நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டலாம், அலை வற்றிய நேரம் ஈர மணலில் கூட்டிப் போகலாம். கட்டணம் வாங்கிவிட்டோம், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பது காரணம் ஆகாது.

ஏறுகிறவர் எடையும் இதில் சேரும். 2008-இல் ஒஹாயோவில் எட்டு வளர்ந்த குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், சுமை குதிரையின் எடையில் இருபத்தைந்து விழுக்காட்டை எட்டியபோது தசை வலிக்கான அறிகுறிகள் தெரிந்தன. இருபது வரை பெரிதாகத் தெரியவில்லை. வளரும் குதிரைக்கு நாங்கள் கேட்பது பதினைந்து. 450 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 67 கிலோ. பெரியவர்கள் பலர் இறங்க வேண்டி வரும், தெரிந்துதான் கேட்கிறோம்.

நான்காவதுதான் எங்களுக்கு முதன்மையானது. "இன்று இந்தச் சேணம் வேண்டாம்" என்று சைஸ் சொன்னால் அன்று அது ஏறக் கூடாது. உரிமையாளரே சொன்னாலும், பயிற்சியாளர் சொன்னாலும். அப்படிச் சொன்னதற்காக அவர் சம்பளத்தில் ஒரு காசு குறையக் கூடாது, வேலைக்கும் பங்கம் வரக் கூடாது. பினாங்கிலும் ஈப்போவிலும் பந்தய லாயங்களில் தலைமுறை தலைமுறையாக நம்மவர் பார்த்த வேலை இது. அவர்கள் கையில் இருக்கிற அறிவு எந்தப் படிவத்திலும் எழுதப்படவில்லை.

குதிரை நமக்குப் புதிதல்ல. மலாய்க்காரர் பெலானா என்னும் சேணத்தை நம் பழைய நூல்கள் பல்லணம் என்கின்றன. கடல் வழி வந்த குதிரைகளையும் காழகத்துப் பொருள்களையும் பட்டினப்பாலை ஒரே பட்டினத்துத் தெருவில் காட்டுகிறது. காழகம் கடாரமே என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கடாரம் நம் கெடாதான். பார்க்கிறவர் இல்லாமல் குதிரையைக் கெடுத்ததும் பழைய கதைதான். பாண்டிய நாட்டு அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்கினார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை, பேணத் தெரிந்தவர் இல்லாததே காரணம் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். எண்ணிக்கையில் அவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம். தெரிந்தவர் இருந்தும் கேட்காவிட்டால் அதே கதிதான் என்பதை எங்கள் லாயத்திலேயே கண்டேன்.

அரசிடம் கேட்பது: விலங்கை வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சொல்கிறது. சேணம் உண்டாக்கும் முதுகுப் புண்ணும் அந்தக் காயத்தில் சேரும் என்று இலாகா வெளிப்படையாக அறிவிக்கட்டும். லாயங்களைப் பார்வையிட வரும் அதிகாரி கம்பிக்கோட்டு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். செர்டாங் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் புலம் சேணம் பொருத்தும் குறும்பயிற்சியை வடக்கிலும் நடத்தட்டும், மலாயிலும் தமிழிலும். படிப்பு குறைந்த சைஸும் அதில் உட்கார இடம் வேண்டும்.

இந்தச் சாசனத்தில் ஒப்பமிட வரும் உரிமையாளர் தம் குதிரையின் அட்டையைக் கையோடு கொண்டு வர வேண்டும். அதில் குறைந்தது இரண்டு தேதிகளில் போட்ட கோடுகள் இருக்க வேண்டும். கீழே அவருடைய கையெழுத்துக்கு முன்னால் சைஸின் கையெழுத்து இருக்க வேண்டும்.