பிரிண்டரும் வீட்டு வைஃபையும்

பரீட்சைக்கு முந்தின இரவில் ஹால் டிக்கெட்டை அச்செடுக்க முற்படும் மாணவனும், பத்திர ஆபீசுக்குப் புறப்படுமுன் வில்லங்கச் சான்றின் பிரதியொன்றை எடுத்துக்கொள்ள விரும்பும் பெரியவரும், நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த பிரிண்டர் இன்று ‘ஆஃப்லைன்’ என்று கணினித் திரையில் காட்டப்படக் கண்டு திகைப்பது அவர்களுடைய அறியாமையால் நேர்ந்ததென்று கருதுவது நியாயமன்று. யந்திரத்தைச் செய்து விற்றவர்களும், வீட்டில் இணையத்தை அமைத்துக் கொடுத்தவர்களும் சொல்லியிருக்க வேண்டிய இரண்டொரு விஷயங்களைச் சொல்லாது விட்டதே அதற்குப் பிரதான காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இக்காலத்து ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. பின்னது வேகம் மிகுந்தது. சுவர்களைக் கடந்து செல்லும் சக்தி முன்னதற்கே அதிகம். அச்சிடுவதற்குப் பெருவேகம் அவசியமில்லாமையாலும், விலையைக் குறைக்க வேண்டியிருப்பதாலும், வீட்டு உபயோகத்துக்கான மலிவுப் பிரிண்டர்கள் பல முன்னதை மட்டுமே ஏற்கின்றன. அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் வீட்டில், 5 கிகாஹெர்ட்ஸின் பெயரையே பிரிண்டரில் தேடிச் சலித்துப்போகும் கிருஹஸ்தருக்கு, அந்தப் பெயர் அங்கே ஒருபோதும் தோன்றாது என்பதைப் பெட்டியின் மேலேயே, பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டுச் சொல்வதில் கம்பெனிகளுக்கு என்ன சிரமம்?

ரூட்டரிலும் பிரிண்டரிலும் டபிள்யூபிஎஸ் என்னும் பொத்தான்வழி இணைப்பு வசதி இருக்குமாயின் காரியம் சுலபம். ரூட்டரில் அதற்குரிய பொத்தானை அழுத்தி, 2 நிமிஷத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பொத்தானையும் சில விநாடி அழுத்திப் பிடித்தால், பாஸ்வேர்டு கேளாமலே இணைப்பு உண்டாகி, மினுக்கிக்கொண்டிருந்த விளக்கு நிலையாக எரியத் தொடங்கும்.

எனினும் இணைப்பதைக் காட்டிலும் இணைப்பு நிலைத்திருப்பதே பெரிது. ரூட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி என்ற எண் விலாசம் ஒன்றைத் தற்காலிகமாகவே அளிக்கிறது. மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது பிரிண்டருக்கு வேறு விலாசம் கிடைத்துவிடக்கூடும். கணினியோ, குடி மாறிப் போனவருக்குப் பழைய வீட்டுக்கே தபால் எழுதுகிறவரைப்போல, முன்னைய எண்ணிலேயே அதைத் தேடி, காணாமல், ‘ஆஃப்லைன்’ என்று அறிவித்துவிடுகிறது. ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் சென்று, பிரிண்டருக்கென ஒரு விலாசத்தை நிரந்தரமாக ஒதுக்கிவைப்பதே இதற்கு நிவாரணம். சில நிமிஷ வேலைதான். ஆயினும் அந்தப் பக்கத்தைத் திறக்கும் பாஸ்வேர்டை, இணையத்தை அமைக்க வருகிறவர்கள் பணம் கொடுத்த வீட்டுக்காரரிடமே சொல்லாமல் போகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது கண்டிக்கத்தக்கது.

ஒரே அறையிலுள்ள கணினிக்கும் பிரிண்டருக்கும் இடையில் கம்பெனியின் ஆப்பையும், அதில் தொடங்கவேண்டிய கணக்கையும் கட்டாயமாக்குவது இன்னொரு அநியாயம். கூகுள் கிளவுட் பிரிண்ட் என்ற சேவை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டபோது, அதையே நம்பியிருந்தவர்கள் வேறு மார்க்கம் தேட நேர்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. ஐபிபி என்னும் பொது அச்சு முறையும், அதைத் தழுவி 2010-இல் வந்த ஏர்பிரிண்ட்டும், எந்தக் கணக்கையும் கேளாமல் வீட்டுக்குள்ளேயே வேலையை முடிக்கின்றன.

ஆகவே பிரிண்டர் வாங்கச் செல்கிறவர்கள், எந்த அலைவரிசை, ஆப் இன்றி அச்சிட முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் கடையிலேயே கேட்டுத் தெளிவுபெற வேண்டும். இணைய இணைப்புக் கொடுக்க வருகிறவர் விடைபெறுமுன் ரூட்டரின் பாஸ்வேர்டை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பல பெட்டிகளில் யூஎஸ்பி கேபிள் இராதாகையால், அவசரத்துக்கு அதையும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.