கண்காணிக்கும் கருவிக்கும் சான்று வேண்டும்

ஆசிரியருக்கு,

மேட்டூர் அனல்மின் நிலையம், சங்ககிரி சிமென்ட் ஆலை, மோகனூர் சர்க்கரை ஆலை என எங்கள் வட்டாரத்தில் புகைபோக்கிகள் பல. அனல்மின், சிமென்ட், சர்க்கரை உள்ளிட்ட 17 வகைத் தொழில்கள் மாசை அளக்கும் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. அக்கருவிகளுக்கோ ஜெர்மனியின் டியூவி, இங்கிலாந்தின் எம்செர்ட்ஸ் சான்றுகளையே நம்பியிருந்தோம். 2019-இல்தான் சான்றளிக்கும் பொறுப்பு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இது மிகவும் தேவையான முடிவு. இந்திய நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் 30 சதவீதத்துக்கு மேல். வெளிநாட்டுச் சூழலில் தேறிய கருவி, நம் தூசியிலும் வெக்கையிலும் சரியாக அளக்கிறதா என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும்.

சான்றோடு வேலை முடிந்துவிடாது. தூசி அளவியை, புகைபோக்கியில் மாதிரி எடுத்து எடைபோட்டுக் கிடைத்த அளவோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும். ஆகவே, ஒவ்வோர் ஆலையின் கருவிக்கும் உள்ள சான்று விவரத்தையும் கடைசியாக அளவு திருத்திய தேதியையும் ஆலை வாயிலில் தமிழில் எழுதிவைக்க, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட வேண்டும். அந்தக் காற்றைச் சுவாசிக்கும் மக்களுக்கு அதை அறியும் உரிமை உண்டு.

இப்படிக்கு,
வாசகர்,
எருமப்பட்டி, நாமக்கல் மாவட்டம்.