போகவும் மாட்டேன், வரவும் விடேன்

வாடகையும் கொடாமல், வீட்டையும் விடாமல், அறையைப் பூட்டித் திறப்பையும் தொலைத்துவிட்டுப் போன குடியிருப்பாளரோடு மல்லுக்கட்டும் வீட்டுக்காரரை நேயர்கள் கண்டிருக்கலாம். அத்தகைய ஒருவர் எமது கணினிக்குள்ளேயே இருப்பதை அண்மையில் அறிந்தோம்.

வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அதனை ஆக்கியோர் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. ஆகவே வீட்டுக் கணினியை வின்டோஸ் 11க்கு உயர்த்த நாமும் துணிந்தோம். வன்தட்டில் இடம் போதவில்லை. வின்டோஸ் கோப்புறைக்குள் 'இன்ஸ்டோலர்' என்று மறைந்து கிடந்த ஒரு கோப்புறையில், எழுத்தும் இலக்கமும் கலந்த பொருளற்ற பெயர்களுடன் ஏராளமான கோப்புகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. பட்டதாரி என்னும் செருக்கோடு அவற்றைக் குப்பையெனத் தீர்ப்பளித்து அழித்துவிட்டோம்.

மேம்படுத்தல் குறைவின்றி நிறைவேறியது. மறுநாள், இருபது ஆண்டுகளாக நாம் பயன்படுத்திய தமிழ்த் தட்டெழுத்து மென்பொருளைத் திறந்தபோது, அது திறவாமல் ஏதோ ஒரு பொதியைக் கேட்டது. முதல் இறுவட்டோ வீடு மாறியபோது தொலைந்துபோயிற்று. பின்னர் வாங்கிய புதிய பதிப்பை நிறுவ முயன்றோம். "வேறொரு பதிப்பு ஏலவே உள்ளது, முதலில் அதை நீக்குக" என்றது. நீக்கப் போனால், "நீக்குதற்கு வேண்டிய பொதியைக் காணோம்" என்று விடை வந்தது. இவ்வாறு மூன்று இரவுகள் கழிந்தன.

மென்பொருள் போனால் போகட்டும் என்று விடுவதற்கில்லை. காலஞ்சென்ற எந்தையார் தமது இறுதி ஆண்டில் சொல்லச் சொல்ல நாம் தட்டெழுதிய எழுபது பக்கக் கிராம வரலாறு அதன் கோப்பிலேயே இருந்தது. வேறு படி எம்மிடம் இல்லை. அக்காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணினியின் உள்ளே இருப்பது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகியனவே. எமது மென்பொருளும் அவ்வினத்ததே. வேறொன்றில் அக்கோப்பைத் திறந்தபோது எந்தையாரின் சொற்கள் யாவும் ஆங்கிலக் கிறுக்கலாய்த் தோன்றின.

நான்காம் நாள் பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்தார்.

"சேர், இதைக் குப்பை எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

வாய்திறவாது நின்றோம். அம்முறையில் நிறுவப்படும் ஒவ்வொரு மென்பொருளும் தன் பொதியின் ஒரு பிரதியை அங்கே வைக்கிறதாம். திருத்தவோ, புதுப்பிக்கவோ, நீக்கவோ அதனையே நாடுகிறதாம். பழைய முறைமைக்குத் திரும்பப் பத்து நாள் தவணை உண்டென்று நாம் படித்ததைக் கூறினோம். "மேம்படுத்த முதலே அழிச்சுப்போட்டியள். திரும்பிப் போனாலும் அது அங்கை இராது" என்றார். மாணவரிடம் தருக்கத்தில் தோற்பதும் ஒருவகை இன்பமே. அன்று அது இன்பமாயில்லை.

அவர் முதலில் அக்கோப்பை வேறிரு இடங்களிற் பிரதி செய்தார். இதைத்தான் நாம் முதலிற் செய்திருக்க வேண்டும். பின்னர், நிறுவல் நீக்கற் சிக்கல்களுக்கென மைக்ரோசொப்ட் வெளியிட்டிருந்த சிறு கருவியை இறக்கி ஓடவிட்டார். அது பழைய மென்பொருளின் பதிவுகளை அகற்றிற்று. புதிய பதிப்பு மறுப்பின்றி அமர்ந்தது. முதற் பக்கத்தில் எமது ஊர்க் கேணியின் பெயர் தமிழிலே தெரிந்ததும், மனைவியார் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார்.

இப்போது எழுபது பக்கங்களையும் யுனிகோட்டுக்கு மாற்றுகின்றோம். மாற்றும் கருவி சில கொம்புகளை இடம்மாற்றி வைப்பதால் ஒவ்வொரு வரியையும் ஒப்புநோக்க வேண்டியிருக்கின்றது. மகள் வாசிக்க, நாம் திருத்துகின்றோம். நேற்றிரவு முப்பத்தொன்றாம் பக்கம் முடிந்தது.