விலை உயர்ந்த கம்பியில் இசை இனிக்குமா?



என் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தந்தையாருக்காக ஒலிபெருக்கிகள் வாங்கினார். பாடல்கள் தெளிவாக இல்லை என்று தந்தையார் குறைபட, 600 வெள்ளிக் கம்பியால் இணைத்தால் தெளியும் என்றாராம் ஜார்ச்டவுன் கடைக்காரர் ஒருவர். வாங்கலாமா என்று மாணவர் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 5 மீட்டர் சென்று திரும்பினால், அதன் மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிக மெல்லிய கம்பியை நெடுந்தூரம் இழுத்தால் குறை தெரியலாம். அதற்கும் மருந்து தடித்த கம்பியே, விலையுயர்ந்த கம்பியன்று.

2007-இல் மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி ஓர் அறைகூவல் விடுத்தார். 7,250 டாலர் கம்பியைச் சாதாரணக் கம்பியினின்று காதால் மட்டுமே பிரித்தறிபவருக்கு 10 இலட்சம் டாலர் பரிசு என்றார். அப்பரிசை இறுதிவரை எவரும் வெல்லவில்லை.

நம் பினாங்கு வீடுகளில் பளிங்குத் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலியைப் பெருக்குகின்றன. தடித்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் செய்யும் நன்மையை எந்தக் கம்பியும் செய்யாது.

இன்னொன்றும் சொன்னேன். மூப்பில் உச்ச ஒலிகள் செவிக்கு எட்டாமற் போவது இயல்பு. ஆகவே, முதலில் தந்தையாரைச் செவி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குறை கம்பியில் இல்லாதபோது, கம்பியை மாற்றி என்ன பயன்?